கிழக்குச் சுவரில் ஒரு கணப்பு

நூல் பிடிப்பதற்கு முன்னால், கட்டடம் கேட்டு வந்தவரை வெற்று மனையின் நடுவில் நிறுத்தி, "எந்தப் பக்கம் பாத்து நிக்கப் போறீங்க? ஒரு தடவ நின்னு காட்டுங்க" என்று கேட்பது லியோந்தி மேஸ்திரியின் வழக்கம். ஆட்டுக் கொட்டகை கட்டச் சொன்னாலும் அவர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

"கொட்டகைல நான் எதுக்கு நிக்கணும்? ஆடுதான நிக்கப் போவுது" என்றார் ஒருவர்.

"அப்ப ஆட்டக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேஸ்திரி.

ஏரிக்கரை ஊரான கும்லியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், ஏரிக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்கும் அக்பாஷ் பிரபுவின் பள்ளிவாசலைக் கைகாட்டுவார்கள்.

கிரேக்கர் கையிலிருந்த இஸ்னிக் நகரம் துருக்கியர் வசமானபோது லியோந்தியின் தந்தை கைக்குழந்தை. அதன்பிறகு ஏரிக்கரையில் யாரும் புதிதாகத் தேவாலயம் எழுப்பவில்லை. இருப்பனவற்றுக்கு முட்டுக் கொடுப்பதும், விரிசலை அடைப்பதும், ஒழுகும் குவிமாடத்துக்கு ஓடு மாற்றுவதுமாகவே தந்தையின் காலம் கழிந்தது. தொழிலை மட்டும் அவர் குறைவின்றி மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு வரி வெட்டுக்கல், அதன்மேல் மூன்று வரி செங்கல், இடையில் விரற்கனத்துக்குச் செங்கற்பொடி கலந்த சுர்க்கிச் சாந்து. மறுபடியும் ஒரு வரி கல். சாரத்தை நம்பாமல் வளையம் வளையமாகச் செங்கலை அடுக்கிக் குவிமாடத்தை மூடும் வித்தையும் லியோந்திக்குக் கைவந்திருந்தது. புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்டும் வாய்ப்புத்தான் நாற்பது வயது வரையில் அவருக்குக் கிட்டவில்லை.

அந்த வாய்ப்பு வசந்தத்தில், ஒரு புனித கியோர்கி நாளில் வந்தது. துருக்கியர் அதே நாளை ஹிதிரெல்லெஸ் என்பார்கள். பெயர் எதுவானாலும், அன்றுதான் ஆடுகள் மலைக்கு ஏறும், படைகள் புறப்படும், கொத்தனார்கள் சுண்ணாம்பு குழைக்கத் தொடங்குவார்கள். அறுவடையெல்லாம் முடிந்தபின் வரும் புனித திமித்ரி நாளைத் துருக்கியர் காஸிம் என்பார்கள். அன்றோடு எல்லாம் இறங்கிவிடும். ஈரச் சாந்தின்மேல் உறைபனி விழுந்தால் எந்தச் சுவரும் நிற்காது என்பதால் மேஸ்திரிகளுக்கும் அதுவே எல்லை.

போருக்குப் புறப்பட்ட அக்பாஷ் பிரபு, குதிரையிலிருந்து இறங்காமலே தமக்கு வேண்டியதைச் சொன்னார். நடுவில் ஒரு கூடம். ஒரு தொழுகை அறை. வழிப்போக்கர்கள் தங்குவதற்கு, குளிர்காயும் கணப்போடு இரண்டு அறைகள்.

"காஸிம் அன்னைக்கு நான் இங்க தொழணும். தொழுதுட்டு இங்கயே கஞ்சி குடிக்கணும். அது நடந்தா நீ உன் ஏரிக்கரைலயே கிட. ஒருத்தரும் உன்னக் கேக்க மாட்டாங்க. நடக்கலேன்னா கப்பல் ஏறு. கலிபோலிக் கோட்டைக்கு ஆள் பத்தல."

கலிபோலி என்ற பெயர் அந்த வீட்டுக்குப் புதியதன்று. லியோந்தியின் தம்பி நிக்கிதாஸ் இரண்டு வருடங்களுக்கு முன்னால் கோட்டை வேலைக்காகக் கடல் கடந்தவன். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. லியோந்தியின் மனைவி மரூலா அப்போது கருவுற்றிருந்தாள். முன்பு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இந்தக் குழந்தை திமித்ரி நாளையொட்டிப் பிறக்கும் என்பது மருத்துவச்சியின் கணக்கு.

"பிரபு நல்லவராத்தான் தெரியறாரு" என்றாள் மரூலா. "உங்க தம்பியக் கப்பல்ல ஏத்துனப்பவும் நல்லபடியாத்தான் பேசுனாரு."

"காஸிமுக்குள்ள முடிச்சிடுவேன்."

"முடிங்க. பிரசவத்துக்கு நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். பிரபு எங்க கஞ்சி குடிச்சா எனக்கென்ன."

சில நாள்கள் கழித்து, தொழுகைத் திசையைக் குறித்துக் கொடுப்பதற்காக இலியாஸ் முல்லா மனைக்கு வந்தார். மெலிந்த மனிதர், சொற்களை எண்ணிச் செலவழிப்பவர். வெயிலில் கோல் நட்டு நிழலைப் பார்த்தார். இரவு தங்கி விண்மீனையும் பார்த்தார். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் இரண்டு முளைகளை அடித்து இடையில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இதான் கோடு. இத வச்சுக் கட்டு."

"சரிங்க, முல்லா."

அவ்வளவே பேச்சு. முல்லா அன்றே கோவேறு கழுதையில் ஏறிப் புர்சா நகருக்குப் போனார். கும்லியின் துருக்கியக் குடும்பங்கள் ஏற்கெனவே ஆடுகளோடு மலைமேய்ச்சலுக்கு ஏறியிருந்தன. தொழுகிறவர் என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

மறுநாள் விடியலில் லியோந்தி கயிற்றின் ஒரு முளையருகே நின்றார். மறுமுளைக்கு நேர்மேலே, ஏரியின் கீழைக் கோடியில், சூரியன் முளைத்தது. தந்தையோடு அவர் பழுது பார்த்த ஒவ்வொரு தேவாலயத்திலும் முதல் நூல் என்பது வாசலிலிருந்து பீடத்துக்குப் போகும் நூல்தான்; அது கிழக்கே சூரியனைப் போய்த் தொடும். கட்டடத்தின் நீளமும் அதுவே, உயிரும் அதுவே. இவர்களுடைய நூலும் சூரியனில் போய்த்தான் முடிகிறது என்பதைக் கண்டபோது அவருக்கு ஒருவகை நிம்மதி உண்டாயிற்று. பழக்கத்தால் மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, அஸ்திவார வாணம் தோண்ட ஆள்களைக் கூப்பிட்டார்.

அந்தக் கோடை முழுவதும் வேலை தண்ணீராய் ஓடியது. மேற்கே வாசலோடு ஒரு முன்னறை. நடுவில் சதுரமாகப் பெரிய கூடம். கிழக்கே தொழுகை அறை. அதன் கோடியில் மாடம் ஒன்று இருக்கவேண்டும் என்பது லியோந்திக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த மாடம் ஒன்றுதான்: தேவாலயப் பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்து, மேலே அரைக்கவிகையாக மூடும் மாடம். அதைத் தந்தை சொல்லிக்கொடுத்த முறைப்படி, செங்கல்லை ஒருக்களித்து அடுக்கி, மற்ற சுவர்கள் தோளளவு எழுவதற்குள் தம் கையாலேயே கட்டி முடித்தார். வழிப்போக்கர் அறைகளைக் கடைசியில், நேரம் இருந்தால், பின்பக்கம் சாய்ப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

ஏரிக்காற்று மணலை வாரி வந்து அடிக்கும். கூரையில்லாத கட்டடத்தில் காற்று நுழையாத இடம் அந்த வளைந்த மாடம் ஒன்றே. ஆகவே ஆள்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிற சாவாஸ், ஒருநாள் அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்தான். செங்கல் அடுக்குவதில் லியோந்திக்கு அடுத்தவன் அவன். சொல் அடுக்குவதில் அவனுக்கு அடுத்தவர் இல்லை.

சோறு கொண்டு வந்த மரூலா அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏன் சாவாஸ், பீடம் இருக்கிற இடத்துலயா வெங்காயம் வதக்குவ?"

"இது நம்ம பீடமில்ல மதினி, அவங்க மாடம். பிரபு வர்றதுக்குள்ள வெள்ளையடிச்சிரலாம்."

"அவங்களதுன்னா மட்டும் கரி பூசலாமா?"

"காத்து அடிச்சா மதம் பாக்கறதில்ல மதினி. நெருப்பும் பாக்கறதில்ல."

அடுப்பு அங்கேயே இருந்தது. மாடத்தின் உட்புறம் மெல்லக் கறுத்தது.

கோடை முடியும் தறுவாயில், கிழக்குப் பாதை வழியாக, சூஃபித் துறவியான ஒரு தர்வீஷ் வந்து சேர்ந்தார். செப்புக் கொப்பரையைக் கவிழ்த்து முதுகில் கட்டியிருந்ததால் தொலைவில் அவர் ஆமையைப் போலத் தோன்றினார். கரா தெதே என்பது பெயர். வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி வார்க்கும் பொறுப்பைப் பிரபு அவரிடம் கொடுத்திருந்தார். வந்தவர் நேரே அடுப்பருகே அமர்ந்து, கிண்ணத்தை நீட்டி, இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

"நல்ல கணப்பு. புகை கண்ணுக்கே வரல. யாரு கட்டினது?"

"கணப்பில்ல தெதே" என்றான் சாவாஸ். "அது நீங்க தொழற மாடம்."

தெதே மாடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மூன்றாவது முறையும் கிண்ணத்தை நீட்டினார். குடித்து முடித்ததும் ஓடையில் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் ஆட்டுத்தோலை விரித்து, மலைப்பக்கச் சுவரைப் பார்த்து நின்றார்.

சாரத்தின்மேல் இருந்த லியோந்திக்கு மனம் கேட்கவில்லை. "பாவம், வயசாயிருச்சு. திசை தெரியல" என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்து, கிழவரின் முழங்கையை மெதுவாகப் பிடித்தார்.

"தெதே, அந்தப் பக்கம் மலை. மாடம் இந்தப் பக்கம் இருக்கு."

"மாடம் இந்தப் பக்கந்தான் மேஸ்திரி" என்றார் தெதே. "மக்கா அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டு அவர் அமைதியாகத் தொழத் தொடங்கினார். அவர் தொழுது முடிப்பதற்குள் கட்டடத்தில் கரணைச் சத்தம் அடங்கியிருந்தது.

அன்று மாலை லியோந்தி ஏரிக் கெளுத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு முள்ளைப் பிரித்தாரே தவிர, உண்ணவில்லை.

"என்னாச்சு?" என்றாள் மரூலா.

"திசை தப்பிப் போச்சு. அவங்க நிக்கிறது மலையப் பாத்து. நான் கட்டினது ஏரிக்கோடியப் பாத்து."

"இடிக்கணுமா?"

"இடிச்சா, காஸிமுக்கு அஸ்திவாரந்தான் நிக்கும்."

மரூலா தட்டை ஒதுக்கினாள். 

முல்லா புர்சாவிலிருந்து திரும்பிய நாளில் கட்டடத்துக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, வளைந்த மாடத்தின் முன்னால் நின்றார். உள்ளே கொப்பரையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, நான் கயிறு கட்டிட்டுத்தானே போனேன்?"

"கட்டினீங்க. அந்தக் கயித்துலேருந்து ஒரு விரக்கட கூட விலகல."

"கயித்து மேல வரவேண்டியது சுவரு. நீ வாசலையும் மாடத்தையும் கொண்டாந்து வச்சிருக்க."

"கயிறுன்னா வாசல்லேருந்து உள்ள போற வழிதானங்க?"

"கயிறுன்னா ஜனங்க தோளோட தோள் சேந்து நிக்கிற வரிசை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொழுகை வரிசை நிற்கும் கோடே முல்லாவுக்கு முதல் கோடு. முகம் பார்க்கும் திசை அதற்குக் குறுக்கே போகும். முதல் கோடு என்றால் வேறு எதுவாகவும் இருக்கமுடியும் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. லியோந்திக்கும் தோன்றியதில்லை.

"கயிறு என்னவோ ஒண்ணுதான்" என்றான் சாவாஸ். "நீங்க ரெண்டு பேருந்தான் வேற வேற."

முல்லா சிரிக்கவில்லை. "இத இடிச்சிரு. இதப் பாத்தா எனக்கே மெழுகுவத்தி ஏத்தத் தோணுது."

"இடிக்காதீங்க" என்று மாடத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. கரா தெதே அகப்பையோடு எழுந்து வந்தார். "நான் அங்கதான் படுத்திருக்கேன். விருந்தாளிக்குக் கணப்போட அறை வேணும்னு பிரபு சொன்னாரா இல்லையா? இதோ அறை, இதோ கணப்பு. மேல ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது. இல்லாதது தொழற இடந்தான். அத அந்தப் பக்கம் கட்டிக்கங்க."

லியோந்தி கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கூடத்தின் சதுரத்தை வரைந்தார். சதுரத்துக்கு நாற்புறமும் முகந்தான். மலையைப் பார்த்த தெற்குச் சுவரைப் பெரிய வளைவாகத் திறந்து, அதற்கு அப்பால் தொழுகை அறையை எழுப்பலாம். மேற்கே இருக்கும் முன்னறையின் வாசலை அடைத்துவிட்டால் அதுவே இரண்டாவது விருந்தாளி அறை. வடக்கே, ஏரியைப் பார்த்துப் புது வாசல் வைக்கலாம். எதையும் இடிக்கவேண்டியதில்லை; இரண்டு சுவர்களில் வழி உடைத்தால் போதும். அவர் வரைந்துகொண்டே போக, முல்லாவும் குந்தி உட்கார்ந்தார்.

"கணப்பு அறைக்கும் கூடத்துக்கும் நடுவுல சுவர் வரணும்" என்றார் முல்லா. "சின்னக் கதவு போதும். இல்லேன்னா வர்றவன் நெருப்பப் பாத்துத் தொழுதுட்டுப் போவான்."

"வச்சிடறேன்."

"காஸிமுக்குள்ள முடியுமா?"

"கை இருந்தா முடியும். இருக்கிற ஆள் பத்தாது."

முல்லா எழுந்து, கால் மணலைத் தட்டிவிட்டு, கழுதையை அவிழ்த்தார். மலைமேய்ச்சலுக்கு ஏறி, கூடாரம் கூடாரமாகப் போய், என்ன சொன்னாரோ தெரியாது; சில நாள்களில் துருக்கிய இளைஞர்கள் வழக்கத்துக்கு முன்னதாகவே மலையிறங்கி வந்து கல் சுமந்தார்கள். ஏரிக்கரையில் இடிந்து கிடந்த பழைய தேவாலயத்திலிருந்து வெண்சலவைத் தூண்கள் இரண்டை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். செங்கற்சூளையில் வெந்ததைக் கும்லியின் பெண்கள், கிரேக்கர் துருக்கியர் என்று பாராமல், கைமாற்றி மேலே அனுப்பினார்கள். நிறைமாதத்து மரூலாவை ஒருவரும் செங்கல்லைத் தொட விடவில்லை. அவள் வரிசையின் கோடியில் அமர்ந்து, உடைந்தவற்றைச் சுர்க்கிக்குத் தட்டிப் பொடித்தாள்.

தெற்குப் பக்கம் தோண்டியபோது பாறை தட்டுப்பட்டது. அதை வெட்டி இறக்க நேரமில்லை. ஆகவே தொழுகை அறையின் தரை, கூடத்தைவிட முழங்காலளவு உயர்ந்தே நின்றது. இரண்டு படிகள் வைக்கவேண்டியதாயிற்று.

"இதுவும் நல்லதுதான்" என்றார் தெதே. "கூடத்துல செருப்போட நடக்கட்டும். கழுதைய வெளிய கட்டிட்டு வர்றவன் எல்லாம் வாசல்லயே அவுக்க மாட்டான். இந்தப் படிகிட்ட அவுப்பான். அவுத்தா எங்க வைப்பான்?"

லியோந்தி படியின் முகப்புச் சுவரில், செருப்பு நுழையுமளவுக்குச் சின்னச் சின்னப் பொந்துகளை வைத்துக் கட்டினார். சாவாஸ் முதல் பொந்தில் தன் பழைய செருப்பைச் செருகிப் பார்த்து, "அளவு சரி. நாத்தம் மட்டும் சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்றான்.

மாடத்தின் உச்சியில் புகைபோக்கிக்கு வழி உடைக்கும் வேலையை லியோந்தி யாரிடமும் கொடுக்கவில்லை. ஒருநாள் நண்பகலில், எல்லாரும் உண்ணப் போயிருந்தபோது, ஏணியை வைத்து ஏறி, அரைக்கவிகையின் நடுச்செங்கல்லைத் தாமே தட்டி எடுத்தார். வாழ்நாளில் அவர் கட்டிய ஒரே பீடமாடம் அது. கல் வந்ததும், அந்த ஓட்டை வழியே கொஞ்சம் வானம் தெரிந்தது. இறங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் கஞ்சியைக் குடித்தார்.

தொழுகை அறையின் குவிமாடத்தை மூடும் கடைசி வளையம் காஸிமுக்கு முந்தைய வாரத்தில் முடிந்தது. ஈயத்தகடு வந்து சேராததால் மேலே ஓடு வேய்ந்தார்கள். இந்த முறை மாடத்தை எங்கே வைப்பது, எவ்வளவு ஆழம், எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றையும் லியோந்தி கேட்க, ஒவ்வொன்றுக்கும் முல்லா தாமே நின்று காட்டினார்.

காஸிம் அன்று பிரபு வந்தார். போரில் ஒரு காது போயிருந்தது. மற்றபடி மகிழ்ச்சியாகவே இருந்தார். தொழுதார். தொழுதபின் கணப்பு அறையில் கம்பளத்தின்மேல் அமர்ந்து, கரா தெதே வார்த்த கோதுமைக் கஞ்சியைக் குடித்தார். வெளியே ஏரியிலிருந்து ஆலங்கட்டி மழை வந்து அடித்தது. உள்ளே வளைந்த சுவர் சூட்டை வாங்கி அறை முழுவதற்கும் திருப்பிக் கொடுத்தது. புகை ஒரு நூல்கூட உள்ளே திரும்பவில்லை.

"நான் எத்தனையோ விருந்தாளி அறைல படுத்திருக்கேன்" என்றார் பிரபு. "கணப்பு சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். முன்னாடி சுடும், முதுகு விறைக்கும். இது மடியில உக்கார வச்ச மாதிரி இருக்கு. யார் யோசனை?"

முல்லா தாடியைத் தடவினார். தெதே கஞ்சியைக் கிளறினார். கதவருகே நின்றிருந்த லியோந்தி தரையைப் பார்த்தார். நடந்ததைப் பிரபுவிடம் சொல்லவேண்டாம் என்று மூவரும் முன்பே பேசிவைத்திருந்தார்கள்.

"மேஸ்திரி, உன்ன இங்க விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல" என்றார் பிரபு. "கலிபோலில துறைமுகத்துக்கு மேல இதே மாதிரி ஒண்ணு வேணும். கோட்டை வேலைக்கில்ல, மரியாதையாவே கூட்டிட்டுப் போறேன். நாளன்னைக்குக் கப்பல்."

மரூலாவுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு வலி விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தது. கட்டடம் நேரத்தில் முடியாவிட்டால் கப்பல் என்று பயந்து கோடை முழுவதும் உழைத்தவரை, கட்டடம் நன்றாக அமைந்துவிட்டதே கப்பலில் ஏற்றப் பார்த்தது. மறுப்பதற்கு லியோந்தியின் கையில் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் ஏரிக்கரையில் அவர் பெயருக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பிரபு, அது யோசனையில்ல. தப்பு."

"என்ன தப்பு?"

"நான் திசைய மாத்திக் கட்டிட்டேன். கிழக்க பாத்து. நீங்க உக்காந்திருக்கிறது தொழுகை மாடம்னு நெனச்சு நான் கட்டினது. தெதே வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்கப்புறந்தான் இது கணப்பாச்சு."

 பிரபு தமக்குப் பின்னால் வளைந்து நின்ற சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கயிறு நான் கட்டினது" என்றார் முல்லா. அவரை ஒருவரும் கேட்கவில்லை. "விளக்கிச் சொல்லாமப் போனதும் நான்தான். பாதித் தப்பு என்னோடது."

"நான் தப்பொண்ணும் பண்ணல" என்றார் தெதே. "நான் சோறுதான் ஆக்கினேன்."

முதலில் பிரபுவின் தோள் குலுங்கியது. பிறகு கஞ்சிக் கிண்ணம் குலுங்கியது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவனக் கலிபோலிக்குக் கூட்டிட்டுப் போனா, கோட்டை வாசல எதிரி பக்கம் தொறந்து வச்சிருவான். வேணாம்பா. நீ இங்கயே இரு. இங்க நாலு பக்கமும் உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, தப்பினா திருப்பி விடுவாங்க."

லியோந்தி வணங்கிவிட்டு, ஆலங்கட்டியிலேயே வீட்டுக்கு ஓடினார். அன்று மாலை மகள் பிறந்தாள். நாளின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: திமித்ரா. அவள் தங்கினாள்.

அவர் எதிர்பார்த்தது போலவே, செய்தி அவரைவிட வேகமாக ஏரியைச் சுற்றி வந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே அவர் 'திசை தப்பின மேஸ்திரி' ஆகிவிட்டார். சந்தையில் மீன் விற்கிறவன், "மேஸ்திரி, வீடு அந்தப் பக்கம்" என்று வழிகாட்டுவான். மரூலா கோபப்பட்டாள், பிறகு அவளும் சொல்லத் தொடங்கினாள். ஆனால் கட்டட வேலை குறையவில்லை. கணப்பு அறையின் சூடு வழிப்போக்கர்கள் மூலம் பரவியதால், சுற்றுவட்டாரத்தில் வளைந்த கணப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். திசை தப்பினவரையே கூட்டி வரவேண்டும் என்றும் கேட்டார்கள். எல்லாரையும் அவர் மனையின் நடுவில் நிற்க வைத்த பிறகுதான் முளை அடித்தார். முல்லாவும் தம் பங்குக்கு, அதன்பின் எந்தக் கயிற்றைக் கட்டினாலும், கட்டிய கயிற்றுக்குக் குறுக்கே தாமே ஒருமுறை நின்று, "மூஞ்சி இப்படி" என்று சொல்லாமல் போனதில்லை.

தம்பி நிக்கிதாஸைப் பற்றிய செய்தியும் அந்த அறைக்குத்தான் வந்தது. பல வருடங்களுக்குப் பின், கணப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த படகோட்டி ஒருவன், கலிபோலியில் ஒரு கிரேக்கக் கொத்தனார் திராட்சைத் தோட்டம் போட்டு, விதவை ஒருத்தியை மணந்துகொண்டு சுகமாக இருப்பதாகவும், அவனுக்கும் இதே ஏரிக்கரைதான் ஊர் என்றும் சொன்னான். மீன் வாங்க வந்த தெதே அதை லியோந்தியிடம் சொன்னார்.  மறுநாள் லியோந்தி மரூலாவிடம், "திரும்பி வர வழி தெரியாமயா இருந்திருப்பான்?" என்றார்.

"திசை தப்பறது உங்க குடும்பத்துலயே இருக்கு" என்றாள் அவள்.

முதுமையில், சாரம் ஏற முடியாமல் போனபின், குளிர்நாள்களில் லியோந்தி பள்ளிவாசலின் கணப்பு அறைக்குப் போய் உட்காருவார். மூன்று நாளுக்கு மேல் யாரையும் தங்க விடக்கூடாது என்பது அங்கே விதி. கரா தெதேக்குப் பின் வந்தவர்கள் லியோந்தி விஷயத்தில் நாள்களை எண்ணுவதில்லை. மாலையானால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார், மறுநாள் புதிதாக வருவார் என்பது அவர்கள் சொன்ன நியாயம். வருகிறவர்கள் அறையின் வளைவைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டால், மற்றவர்கள் சிரித்துக்கொண்டு அவரைக் காட்டுவார்கள். அவர் மறுத்ததே இல்லை.

ஒரு குளிர்காலத்தின் இறுதியில், பாதாம் பூக்கும் முன்பு, அவர் காலமானார். சாவாஸின் மகன்தான் குழி தோண்டினான். தந்தையின் வாய் அவனுக்கும் வாய்த்திருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மரூலாவைப் பார்த்து, "பெரியம்மா, மேஸ்திரி எந்தப் பக்கம் பாத்துப் படுப்பாரு? ஒருதடவ கேட்டுக்கறது நல்லது" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்தார்கள். முல்லாவின் மகன் இருமினான்.

மரூலா ஏரியின் கீழைக் கோடியைக் கைகாட்டினாள்.

"கிழக்கதான்" என்றாள். "அதுல அவர் ஒருநாளும் தப்புனதில்ல."